ஊரா, காலனியா?

என் செய்தி பேப்பரில் வந்த அன்று நான் வீட்டில் டீ குடிக்க மாட்டேன். திருவள்ளூர் கோர்ட் பக்கத்து டீக்கடைக்குப் போய், ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பேப்பர் படிக்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தலை நரைத்து, பேரன் எடுத்த பிறகும் இந்த அற்பத்தனம் போகவில்லை. யாராவது என் செய்தி இருக்கிற பக்கத்தைத் திருப்பினால் நெஞ்சு படபடக்கும். படிக்காமல் சினிமாப் பக்கத்துக்குத் தாவிவிட்டால் அந்த ஆள் மேல் அன்று பூராவும் கடுப்பு. எங்கள் பத்திரிகையில் பகுதி நிருபருக்குப் பெயர் போடும் வழக்கம் இல்லை. 'நமது நிருபர்' என்று மட்டும் இருக்கும். அந்த நமது நிருபர் பக்கத்து பெஞ்சில் டீயை ஊதிக்கொண்டிருக்கிறான் என்பது கடைக்கு வருகிற பாதிப் பேருக்குத் தெரியாது.

வீடு திருவள்ளூரில் என்றாலும் எனக்குக் கொடுத்திருக்கிற எல்லை கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கம். வாலிபத்தில் பிடித்த வேலை, இன்னும் விட்டபாடில்லை. தொழிற்பேட்டையில் மிஷினில் விரல் போனாலும், பள்ளிக்கூடத்தில் அதிகாரி மரம் நட்டாலும், ஆந்திரா எல்லையில் செம்மரம் பிடிபட்டாலும் எழுதுகிறவன் நான்தான். நடுநடுவே தொழிலாளிகளைப் பற்றிக் கதைகள் எழுதினேன். அவை இரண்டு புத்தகமாக வந்தன. இலக்கிய அமைப்பு ஒன்று கேடயம் கொடுத்தது. 'உழைப்பாளிகளின் குரல்' என்று அதில் பொறித்திருக்கிறது. ஹாலில் டி.வி.க்கு மேலே வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான். அந்தக் குரலின் லட்சணத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

போன ஐப்பசியில் விடாத மழை. பெரியபாளையத்திலிருந்து தொழிற்பேட்டைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போன வேன் ஒன்று ரோட்டோரக் கால்வாயில் சறுக்கிக் கவிழ்ந்துவிட்டது. கால்வாய் நிறையத் தண்ணீர். கதவு இருக்கிற பக்கம் சேற்றில் புதைந்துகொண்டது. பின்னால் பைக்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் இளைஞர் வண்டியை ரோட்டிலேயே போட்டுவிட்டுக் குதித்து, தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றி, அதனாலேயே பின் கண்ணாடியை உடைத்து, பெண்களை ஒவ்வொருவராக வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

நான் அந்த வழியாகத்தான் ஏதோ அரசு விழாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கூட்டத்தைப் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்தினேன். அவர் ஒரு மைல்கல் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. வேனில் வந்த பெண் ஒருத்தி தன் துப்பட்டாவால் அதற்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். "எங்கூடப் பொறந்தவன்கூட இப்டி குதிச்சிருக்க மாட்டான்ணா" என்று அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெட்டிச் செய்தி, அதுவும் போட்டோவோடு! செல்போனை எடுத்து நாலைந்து படம் பிடித்தேன். பெயர் கேட்டேன், வயது கேட்டேன், எங்கே வேலை என்று கேட்டேன், என் பேரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தேன். எந்த ஊர் என்றேன். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊர் பெயரைச் சொன்னார்.

"ஊரா, காலனியா?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் இருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"காலனி சார்" என்றார். கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள் முடிச்சை இறுக்குவது போல் தலையைக் குனிந்துகொண்டாள்.

பட்டணத்தில் காலனி என்றால் கேட்டும் வாட்ச்மேனும் வைத்த பெரிய வீடுகளாக இருக்கும். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஊர் என்று ஒன்று, கொஞ்சம் தள்ளி காலனி என்று ஒன்று. நிலம் வைத்திருந்தவர்கள் ஊரில் இருந்தார்கள், என் குடும்பத்தைப் போல. அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் காலனியில் இருந்தார்கள். இப்போது காலனியிலிருந்து யாரும் எங்கள் கழனிக்கு வருவதில்லை. எல்லோரும் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள், எங்கள் வீட்டுப் பிள்ளைகளைவிட நல்ல வண்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அதைக் காவல் காத்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஊர்க்காரர் ஒருவர் லாரியில் அடிபட்டால், இன்ன கிராமத்தைச் சேர்ந்தவர் என்று எழுதுவேன். காலனிக்காரர் அடிபட்டால் இன்ன காலனியைச் சேர்ந்தவர். பாம்பு கடித்தாலும் அப்படித்தான், கபடியில் பரிசு வாங்கினாலும் அப்படித்தான். போலீஸ் ஸ்டேஷனில் எழுதித் தருவதில் அப்படி இருக்கும். நாங்கள் அதைப் பார்த்து எழுதுவோம். ஸ்டேஷனுக்குப் போகாத செய்தி என்றால் நாங்களே கேட்டு எழுதுவோம். அப்படி எழுதச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போட்டதில்லை. இத்தனை வருஷத்தில் 'ஊர்த் தெருவைச் சேர்ந்தவர்' என்று ஒரு தரமாவது எழுதியிருக்கிறேனா? கிடையாது. வயதைக் கேட்ட அதே மூச்சில் இதையும் கேட்டுவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். வேனில் இருந்த பெண்களை நான் ஒரு வார்த்தை நலம் விசாரிக்கவில்லை என்பதும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மறுநாள் டீக்கடையில் வக்கீல் குமாஸ்தா ஒருவர் என் செய்தியைச் சத்தமாகப் படித்தார். "யோவ், இங்க பார்யா, ஹெல்மெட்டாலயே கண்ணாடிய ஒடச்சிகீறான்! இவனுக்குக் குடுக்கணும்யா மெடலு!" பக்கத்தில் இருந்தவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

அப்போதுதான் போன் வந்தது. ஒரு பெண் குரல். அந்த இளைஞரின் மனைவி என்று சொன்னாள். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். "சொல்லும்மா, நியூஸ் பாத்தியா? சந்தோஷமா?" என்றேன், கடையில் நாலு பேர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.

"சார், அட்ரஸ்ல காலனின்னு போட்டிருக்கீங்களே, அத எடுக்க முடியுமா?"

"ஏம்மா, தப்பா வந்துடுச்சா?"

"தப்பா வரல சார். எங்க ஹவுஸ் ஓனர் படிச்சிட்டாரு."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தேன். அவள் அழவில்லை. மளமளவென்று சொல்லிக்கொண்டு போனாள். அவர்கள் இருப்பது வேப்பம்பட்டில், ஒரு வீட்டு மாடியில், வாடகைக்கு. அவள் திருவள்ளூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். மகள் இரண்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் அந்தத் தெரு முனையிலேயே இருக்கிறது. அந்த வீட்டைப் பிடிப்பதற்குள் நாய் படாத பாடு பட்டிருக்கிறார்கள். எங்கே போனாலும் பேர், வேலை, அப்புறம் சொந்த ஊர், அந்த ஊரில் எந்தப் பக்கம். இந்த ஓனர் ஒருவர்தான் ஊரோடு நிறுத்திக்கொண்டார். அவர் கேட்கவில்லை, இவர்கள் சொல்லவில்லை.

"காலைல பேப்பரோட மேல வந்தாரு சார். இவருக்குக் கை குடுத்தாரு. பெரிய காரியம் பண்ணிகீறப்பான்னாரு. அப்பறம், மாசக் கடைசிக்குள்ள ஊட்ட காலி பண்ணிடுங்கன்னாரு."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இவரு வேப்பம்பட்டுன்னு போடச் சொன்னாராமே சார், உங்களாண்ட?"

சொன்னார்தான். நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது பின்னாலேயே வந்து, "சார், இப்ப இருக்கறது வேப்பம்பட்டு. அத்தயே போட்டுக்கங்களேன்" என்றார். "பாக்கலாம்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வேப்பம்பட்டு என் எல்லையில் இல்லை. வேப்பம்பட்டுக்காரர் என்று போட்டால் யாரோ வெளியாள் செய்த காரியம் ஆகிவிடும். எங்கள் பதிப்பில் ஒரு மூலைக்குப் போய்விடும். நம்ம வட்டாரத்து இளைஞர் என்றால்தான் பெட்டி கட்டிப் போடுவார்கள். பெட்டிக்காக ஊரை மாற்றினேன். ஊரோடு அந்த வாலையும் சேர்த்தே ஒட்டினேன். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "நான் பாக்கறேம்மா, நீ கவலப்படாத" என்றேன்.

ஆபீஸில் செய்தியைத் திருத்திப் போடும் உதவி ஆசிரியருக்கு போன் போட்டேன். என் மகன் வயது இருக்கும். "ஆன்லைன்ல எடுத்துடறேண்ணா. பிரிண்ட்ல வந்ததுக்கு ஒண்ணும் பண்ண முடியாதே. திருத்தம் போடணுமா? இன்னான்னு போடறது? தப்பு ஒண்ணும் இல்லையேண்ணா அதுல?" என்றான். யோசித்துப் பார்த்தேன். 'காலனி என்று வெளியானது தவறு, வருந்துகிறோம்' என்று போட்டால் அதைவிடக் கேவலம் வேறு உண்டா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனை வைக்கும்போது அவன், "பட் செம ஸ்டோரிண்ணா" என்றான்.

சரி, நேரில் போய்ப் பேசினால் ஓனர் கேட்பார் என்று நினைத்தேன். சும்மா போகவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, என் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, எழுத்தாளன் வேஷத்தில் மின்சார ரயில் ஏறி வேப்பம்பட்டில் இறங்கினேன்.

ஓனர் ரிட்டையர் ஆன அரசு ஊழியர். வாசலிலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அடடே, எழுத்தாளர் சார்! வாங்க, வாங்க." காபி வந்தது. என் முதல் புத்தகம் அவரிடம் இருந்தது. அதில் கம்பெனி விபத்தில் கை போனவனைப் பற்றி ஒரு கதை உண்டு. "அத்தப் படிச்சிட்டு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு சார்" என்றார். அந்த நிலைமையிலும் எனக்கு உச்சி குளிர்ந்தது. என்ன ஜென்மமோ நான்!

"மாடில இருக்கறவங்க விஷயமா வந்தேன் சார்" என்று ஒருவழியாக ஆரம்பித்தேன்.

"அந்த நியூஸ் நீங்க எழுதினதுன்னு மேல இருக்கறவரு சொன்னாரு. நானே உங்களுக்கு போன் பண்ணி தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன் சார்" என்றார். "நீங்க எழுதலன்னா எங்களுக்கு எப்டித் தெரியும்? இத்தன நாளா கீறாங்க, ஒரு சந்தேகம் வரல. அவ்ளோ நீட்டு."

"நீட்டா இருந்தாங்கன்னா அப்பறம் என்ன சார்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். நான் அதெல்லாம் பாக்கறவனே கெடையாது. சொந்தக்காரங்க வருவாங்க, போவாங்க. பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு கீறோம். தெரியாத வரைக்கும் தெரியாதுன்னு இருந்துட்டேன். பேப்பர்லயே வந்துட்ட அப்பறம் எனக்குத் தெரியாதுன்னு நான் யாராண்ட சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க."

நான் பேசினேன். மனிதாபிமானம் என்றேன், குழந்தையின் படிப்பு என்றேன், உயிரைக் காப்பாற்றிய மனுஷன் என்றேன். மேடையில் பேசுவது போல் நன்றாகத்தான் பேசினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடித்ததும் கேட்டார்: "உங்க ஊட்ல மாடி இருந்தா நீங்க வெச்சிக்குவீங்களா சார்?"

"ஏன், தாராளமா வெச்சிக்குவேன்!" என்றேன், பட்டென்று.

"அப்பறம் இன்னா சார், கூட்டிக்கினு போங்க" என்று சிரித்தார். கிண்டலாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. ஒரு பிரச்சினை தீர்ந்த நிம்மதியில் சொன்னார்.

என் வீட்டுக்கு மாடி உண்டு. அப்போது அது காலியாகவே இருந்தது. கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. அன்று காலையில் அந்த கேட்டைத் திறந்துகொண்டுதான் வேப்பம்பட்டுக்குக் கிளம்பி வந்தேன். அவர் கேட்கிற வரைக்கும், சத்தியமாகச் சொல்கிறேன், என் மாடி எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. கொண்டுவந்த புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்தேன். அவர் வீட்டில் நான் சாதித்தது அது ஒன்றுதான்.

வெளியே வந்தால் தெருவில் அவர் நிற்கிறார், ஹெல்மெட்டால் கண்ணாடி உடைத்தவர். கையில் வெள்ளைக் கட்டு. நான் வந்திருப்பதை மாடியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார். அவருக்கு என் மேல் கோபம் இருக்கும் என்று பயந்தேன். அவரோ சங்கடத்தோடு சிரித்தார்.

"உடுங்க சார், பேஜாரு. நீங்க நல்லதுதான் பண்ணீங்க. எங்க காலனில அந்த நியூஸ அப்டியே பெருசாக்கி பேனர் வெச்சிட்டானுங்க சார், பஸ் ஸ்டாப்பாண்ட. 'எங்கள் காலனியின் சிங்கம்'னு. இவ அத்த எடுக்கச் சொல்றா. எடுக்கச் சொன்னா அவனுங்க சும்மா உடுவானுங்களா? இன்னாடா, வெளிய ஊடு புடிச்சிக்கினு போய்ட்டா காலனின்னா வெக்கமா கீதான்னு கேப்பானுங்க. நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

வெட்கப்பட வேண்டியவன் அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான். "வேற ஊடு நான் பாத்துத் தரேம்பா" என்றேன். மாடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

"பாப்பா ஸ்கூல் மாறாம இருந்தா போதும் சார்" என்றார். "அவ அம்மாவுக்கு அதுதான் நெனப்பு. காலனிக்கே திரும்பிப் போனா லேபு வேலையும் போய்டும், அங்கேந்து டெய்லி வர முடியாது."

அதற்கப்புறம் நான் வீடு தேடிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தெரிந்த புரோக்கர் எல்லோருக்கும் போன் போட்டேன். வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, திருநின்றவூர் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கி அலைந்தேன். எல்லா இடத்திலும் மூன்றாவது கேள்வி ஒன்றுதான்: "இன்னா ஆளுங்க சார்?" நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை எனக்கே திருப்பிக் கேட்டார்கள். "நல்ல ஆளுங்க" என்பேன். "அது சரி சார், நல்லவங்கதான், யாருன்னு சொல்லுங்க" என்பார்கள். ஒருவர், "நீங்களே இழுக்கறீங்கன்னா புரிஞ்சிடுச்சு, வேற பாருங்க" என்று போனை வைத்துவிட்டார். அலைந்து களைத்து வீட்டுக்கு வருவேன். என் கேட்டில் என் போர்டு தொங்கும். அதன் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விடுவேன். இவ்வளவு அலைச்சலும் எதற்கு என்று எனக்கே தெரியும். அந்த மாடியைப் பற்றி யோசிக்காமல் இருக்கத்தான்.

என் மனைவியிடம் கடைசியில் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் அசிங்கம். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்கள், அண்ணன் குடும்பம் விசேஷத்துக்கு வந்தால் மாடியில்தான் தங்கும், உனக்குச் சரிப்படுமோ என்னவோ என்று அவளுக்குப் பதிலை நானே எடுத்துக் கொடுத்துக்கொண்டு சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வரச் சொல்லுங்க" என்றாள்.

"யோசிச்சு சொல்லு. அப்பறம் என்ன திட்டக்கூடாது."

கோபம் வந்தால் என் மனைவிக்கு 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். "நான் வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சிக்கினுதானே என்னாண்ட வந்த? பொண்டாட்டி ஒத்துக்கலன்னு அங்க போய் சொல்லிக்கலாம்னு பாத்தியா? நான் இன்னா, உனக்குப் பழி போட்டுக்க வெச்ச ஆளா?" என்று கேட்டாள். கீரைத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவள், என் மனதை என்னைவிட நன்றாகப் படித்துவிட்டாள்.

அத்தோடு போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என்று தள்ளிப் போட்டேன். பூர்வீக நிலத்தில் என் பங்கை விற்றுத்தான் இந்த வீடு கட்டினேன். அண்ணன் அதில் ஒரு செங்கல் வைத்தது கிடையாது. ஆனாலும் கேட்க வேண்டுமாம்! பள்ளிப்பட்டுப் பக்கத்தில் அண்ணன் பேத்திக்குக் காது குத்து. போனேன். பந்தலில் சொந்தக்காரர்கள் எல்லாம் என் செய்தியைப் பற்றித்தான் பேசினார்கள். "நம்ம ஆளு எழுதினதுதான்பா அது" என்று அண்ணன் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆந்திராப் பக்கத்துச் சம்பந்தி ஒருவர் என் தோளைத் தட்டி, "நல்ல பையன் நைனா அவன். காலனிப் பையனா இருந்தாலும் எவ்ளோ தைரியம்!" என்றார். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த 'இருந்தாலும்' என்கிற வார்த்தையை நான் கதையில் எழுதியிருந்தால் வாசகர்கள் என்னைக் கொண்டாடியிருப்பார்கள். அங்கே நான் சிரித்தேன். பிறகு சாப்பிட உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மாசம் முடிகிற நேரம். ஒரு நாள் காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது என் மனைவி கேட்டுக்குப் போய், கம்பியைப் பிரித்து, போர்டைக் கழற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். அதன் மேல் மாடிச் சாவியை வைத்தாள். "போய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள். மறுபடியும் 'நீங்க'தான். அது திட்டியதைவிட எனக்கு உறைத்தது.

ரயிலில் போகும்போது மனது லேசாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேப்பம்பட்டிலிருந்து திருவள்ளூருக்கு எவ்வளவு தூரம்? குழந்தை அதே பள்ளிக்கூடத்துக்கு ரயிலில் போய் வரலாம். அந்தப் பெண்ணுக்கு லேபு நடந்து போகிற தூரம். எல்லாம் சரியாகிவிடும். கடைசியில் நல்லது செய்தவன் நான்தான் என்று ஆகிவிடும். சட்டைப் பையில் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தெருவில் திரும்பினதும் குட்டி யானை நின்றுகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் சின்ன சரக்கு வண்டிக்கு அதுதான் பேர். பீரோ ஏறியிருந்தது, கட்டில் ஏறியிருந்தது. அவர் வண்டிக்கு மேலே நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டு அவிழ்த்த கையில் தழும்பு தெரிந்தது. குழந்தை டிரைவர் சீட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, யூனிபாரம் இல்லாத உடுப்பில், தெரு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓனர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

"எங்கப்பா?" என்றேன்.

"எங்க அம்மா ஊட்டுக்குத்தான் சார். காலனிக்கு" என்றார். "பாப்பாக்கு அங்கயே ஸ்கூலு. டீ.சி. வாங்கியாச்சு."

நான் சாவியை எடுத்தேன். என் மாடி காலியாக இருக்கிறது, வாடகை பற்றி அப்புறம் பேசலாம், வண்டியை அப்படியே திருவள்ளூருக்குத் திருப்பச் சொல்லுங்கள் என்று கடகடவென்று சொன்னேன். அவர் கயிற்றைப் பிடித்தபடியே மனைவியைப் பார்த்தார். "இன்னாம்மா, பாக்கலாமா?" என்றார். அவர் கண்ணில் ஆசை இருந்தது.

அவள் மாடிப்படியில் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் நான் அவளை முதன்முதலாக நேரில் பார்க்கிறேன். போனில் கேட்ட குரலை வைத்து ரொம்பச் சின்னப் பெண் என்று நினைத்திருந்தேன். குடத்தை வண்டியில் ஏற்றிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"எப்ப சார் காலியாச்சு உங்க மாடி?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. "ரொம்ப நாளாவே காலிதாம்மா" என்றேன்.

"நான் போன் பண்ணப்பவும்?"

"ஆமாம்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. "வேணாம் சார்" என்றாள்.

"என் மேல கோவம் இருந்தா திட்டிடும்மா. கொழந்தைக்காக..."

"கோவம்லாம் உட்டுப்போச்சு சார். உங்க ஊட்ல வந்து இருந்தோம்னு வைங்க, நீங்க நல்லாதான் வெச்சிக்குவீங்க. அப்பறம் ஒரு நாள் எங்கள எழுதுவீங்க. என் ஊட்டு மாடில வெச்சிகீறேன்னு எழுதுவீங்க. அத்தயும் யார்னா படிப்பாங்க. எழுதாம உங்களால இருக்க முடியுமா சார்?"

"எழுத மாட்டேம்மா" என்றேன். "இத்தப் பத்தி ஒரு வரி எழுத மாட்டேன்."

அவள் போய்க் குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் பின்னால் சாமான்களோடு ஏறிக்கொண்டு எனக்குக் கை காட்டினார். வண்டி கிளம்பிவிட்டது. நான் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து ரயில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்ததும், அவள் சொன்னது மறந்து போகாமல் இருக்க, ஒரு வார்த்தை மாறாமல் திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிக்கொண்டே திருவள்ளூர் வந்து சேர்ந்தேன்.